வாடிக்கையாளர் சேவை இலக்கத்துக்கு அழைத்துக் காத்திருக்கும் நேரத்துக்கும் நாமே ஏன் பணம் செலுத்த வேண்டும்? அதைக் குறைக்க வழியுண்டா?

நான் கொழும்பு வெள்ளவத்தையில் வசிப்பவன். சென்ற ஆண்டு அம்மாவுக்காக வாங்கிய குளிர்சாதனப்பெட்டி ஐந்தாவது வாரத்திலேயே குளிர்விப்பதை நிறுத்திக்கொண்டதால், உங்கள் கேள்விக்கான விடையை நான் காசு கொடுத்தே தெரிந்துகொள்ள நேர்ந்தது. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அநேகமாக எல்லா இடத்திலும் இதே கதைதான்.

உத்தரவாத அட்டையில் நான்கு இலக்க எண் ஒன்று பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது. அம்மாவின் கைத்தொலைபேசியிலிருந்தே அழைத்தேன். அதில் 90 ரூபாய்ச் சொச்சம் மீதியிருந்தது. சிங்களத்துக்கு 1, தமிழுக்கு 2, ஆங்கிலத்துக்கு 3 என்றது பதிவுக் குரல். 2ஐ அழுத்திவிட்டு, ஒரே இசைத்துணுக்கை 19 நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். இடையிடையே, எங்கள் அழைப்பு தங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று ஒரு பெண் குரல் நினைவூட்டியது. கடைசியில் பேசியவர் சிங்களத்தில் பேசினார். தமிழ் தெரிந்தவர் இருக்கையில் இல்லையாம். என் அரைகுறைச் சிங்களத்தில் விடயத்தைச் சொல்லி முடித்ததும், பெட்டியின் தொடர் இலக்கத்தைக் கேட்டார். அது பெட்டியின் பின்புறத்தில் ஒட்டப்பட்டிருந்தது. அம்மா டோர்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே குனிந்து ஒவ்வோர் எண்ணாக வாசிக்க, நான் அதைத் திருப்பிச் சொன்னேன். பதினான்கு எண்களில் பதினோராவதைச் சொன்னபோது மீதிப்பணம் தீர்ந்து அழைப்பு துண்டிக்கப்பட்டது. முறைப்பாட்டு இலக்கம் எதுவும் தரப்படாததால், மறுநாள் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. அன்று 3ஐ அழுத்தினேன். நான்காவது நிமிடத்திலேயே ஒருவர் கிடைத்தார்.

இந்தச் செலவைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் நிமிடக் கட்டணத்தையே குறை சொல்கிறார்கள். கட்டணம் கூடியிருப்பது உண்மைதான். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதலாம் திகதி 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்த்தப்பட்டது, அதற்கு மேல் தொலைத்தொடர்புக்கென்றே தனி வரியும் உண்டு. ஆனால் என் 90 ரூபாயை விழுங்கியது கட்டணமன்று, அந்த 19 நிமிடம். மனிதர் பேசத் தொடங்கும்போது கட்டணக் கணக்கு தொடங்குவதில்லை. பதிவுக் குரல் அழைப்பை ஏற்ற கணத்திலேயே தொடங்கிவிடுகிறது.

இலவச அழைப்பு இலக்கங்களில் இது தலைகீழ். அங்கே அழைப்புக்கான பணத்தை அழைக்கப்படுபவர் செலுத்துகிறார். அமெரிக்காவில் 1967 இல் 800 என்று தொடங்கும் இலக்கங்கள் வந்ததும், இந்தியாவில் 1800 என்று தொடங்குபவை இயங்குவதும் இந்த முறையில்தான். (அங்கேயும் 1860 என்று தொடங்குபவை இலவசமல்ல, பலர் ஏமாறுகிறார்கள்.) வாடிக்கையாளர் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் நிறுவனத்தின் கணக்கில் ஏறுவதால், விரைவாகப் பதிலளிப்பது அவர்களுக்கே இலாபம். நாம் பணம் செலுத்தும் முறையிலோ, நம்மை அரை மணி நேரம் காக்க வைப்பதற்கு அவர்களுக்கு அழைப்புச் செலவென்று ஒரு சதமும் ஆவதில்லை. இன்னும் இரண்டு பேரை, அதிலும் தமிழ் தெரிந்த இரண்டு பேரை, வேலைக்கு வைத்தால்தான் செலவு. ஆகவே 2ஐ அழுத்துபவர் அதிக நேரம் காத்திருந்து, அதே சேவைக்கு அதிக விலை கொடுக்கிறார். இதை நான் மொழிப் பிரச்சினையாக மட்டுமன்றி விலைப் பிரச்சினையாகவும் பார்க்கிறேன்.

இலண்டனில் இருக்கும் அக்காவிடம் இதைச் சொன்னபோது, அங்கே பொருள் வாங்கியவர் அதைப் பற்றிப் பேச அழைத்தால் சாதாரண அழைப்புக் கட்டணத்துக்கு மேல் அறவிடக்கூடாதென 2014 ஜூனிலிருந்து விதி இருப்பதாகச் சொன்னார். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011 ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைப் பணிப்புரையிலிருந்து வந்த விதி அது. ஆனால் அதுவும் நிமிட விலையைத்தான் கட்டுப்படுத்துகிறது. காத்திருப்பின் நீளத்தை அன்று.

இனி, செலவைக் குறைக்க நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில், உங்கள் மாதாந்தப் பொதியிலுள்ள இலவச நிமிடங்கள் நான்கு இலக்கக் குறுகிய எண்களுக்குச் செல்லுமா என்று பாருங்கள். என் பொதியில் செல்லவில்லை. பற்றுச்சீட்டிலோ நிறுவனத்தின் இணையத்தளத்திலோ 011 என்று தொடங்கும் கொழும்புத் தரைவழி இலக்கம் இருந்தால், அது சாதாரண அழைப்பாகவே கணக்கிடப்படும். திங்கட்கிழமையும் போயா (முழுநிலா நாள்) விடுமுறைக்கு மறுநாளும் அழைக்காதீர்கள். தொடர் இலக்கம், வாங்கிய திகதி, பற்றுச்சீட்டு இலக்கம் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொண்டே அழையுங்கள். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே குனிவதை முன்கூட்டியே முடித்துவிடலாம். ஒருவர் பேசியதும் கதையைத் தொடங்காமல், உங்கள் இலக்கத்தைக் கொடுத்துத் திருப்பி அழைக்கும்படி கேளுங்கள். வரும் உள்நாட்டு அழைப்புக்கு நம்மிடம் பணம் அறவிடப்படுவதில்லை. மறுத்தால், முறைப்பாட்டு இலக்கத்தையாவது முதலில் பெற்றுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானதைக் கடைசியில்தான் அறிந்தேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, உத்தரவாதத்துக்கு இணங்காத பொருளைப் பற்றிய முறைப்பாடு, விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் அந்த அதிகாரசபைக்கு எழுத்தில் அளிக்கப்பட வேண்டும். “அடுத்த வாரம் ஆள் வருவார்” என்ற பதிலைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே ஒருவர் அந்த 3 மாதத்தையும் இழந்துவிடலாம். அதிகாரசபையின் இலக்கம் 1977. ஆனாலும் அங்கேயும் எழுதுவதே மேல். நான் ஏழாவது வாரத்தில் நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி, அதன் பிரதி அதிகாரசபைக்கும் செல்லும் என்று அடியில் குறிப்பிட்டேன். ஐந்தாம் நாள் தொழில்நுட்பவியலாளர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். வந்தவர் முதலில் கேட்டது தொடர் இலக்கத்தைத்தான். அம்மா அதை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருந்தார்.