கிளப் கணக்கு: கேட்டவர்களுக்குப் பதில்

எங்கள் ஊர்ப் பையன்களின் கால்பந்து கிளப்புக்குப் பதினாறு வருடம் பொருளாளராக இருந்தேன். வரவு செலவு பற்றி எதையும் கேளுங்கள் என்று வாய்விட்டேன், கேட்டுவிட்டீர்கள்.

கேள்வி: கபடிக் குழுவைச் சங்கமாகப் பதிய எத்தனை பேர் வேண்டும்?

குறைந்தது ஏழு பேர். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. மற்றதை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: டோர்னமென்ட் நன்கொடை கோச்சின் ஜிபே எண்ணுக்கு வருகிறது. தவறா?

தவறுதான். கோச் தங்கமானவராகவே இருக்கட்டும். அவர் பாஸ்புக்கில் சம்பளம், மளிகைக்கடை, மகளின் ஸ்கூல் ஃபீஸ், நடுவில் உங்கள் ஐந்தாயிரம். நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதை யாரிடம் போய்க் கேட்பீர்கள்? சங்கத்தின் பேரில் கணக்கு, காசோலையில் இரண்டு கையெழுத்து, வரிசை எண் போட்ட ரசீது. அடிக்கட்டையைத் தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி: எங்களுக்குப் பல வருடமாகக் கோச் பேரில்தான் ஓடுகிறது, ஒரு ரூபாய் குறைந்ததில்லை. நம்பிக்கை இல்லையென்றால் கிளப் எதற்கு?

குறையவில்லை என்று எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்? எங்களுக்கு ஒரு வருடம் இறுதி ஆட்டம் முடிந்ததும் கணக்கு 3,400 ரூபாய் உதைத்தது. உண்டியல் தூக்கிய பையனையே எல்லோரும் பார்த்தார்கள். நான்கு நாள் கழித்து என் சட்டைப்பையில், துவைத்து நைந்துபோன துண்டுச்சீட்டு ஒன்று: தண்ணீர் கேன், எலுமிச்சை, குளுக்கோஸ், பந்தல்காரருக்கு மிச்சம். கூட்டினால் 3,400. செலவழித்தவன் நான். அடுத்த சீசனுக்கு அந்தப் பையன் வரவில்லை.

கேள்வி (அவரே): உங்கள் மறதிக்குக் கோச் என்ன செய்வார்?

ஒன்றும் செய்ய வேண்டாம். இரண்டு கையெழுத்து என்றது என்னையும் சேர்த்துத்தான். அப்புறம், அன்றன்றைக்கு வவுச்சர்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் ஜெர்சிக்குப் பணம் அனுப்பலாமா?

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, சொந்தச் சம்பாத்தியத்தை அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகல் வாங்கி வையுங்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் கதையே வேறு. ஓசிஐ கார்டு (இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டுக் குடிமக்களுக்கான அட்டை) இருந்தாலும் சரி, எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) அனுமதி இல்லாமல் ஒரு டாலர் தொடாதீர்கள்.

கேள்வி: ஸ்பான்சர், நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை பெற 80ஜி ரசீது கேட்கிறார்.

சங்கப் பதிவு மட்டும் போதாது. வருமான வரித்துறையிடம் 80ஜி ஒப்புதல் தனியாக வாங்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் சலுகை இல்லை. அவர் புதிய வரிமுறையில் இருந்தாலும் இல்லை.

கேள்வி: ஜிபேக்குச் செயலாளர் எண் கொடுக்கலாமா?

மேலே படியுங்கள்.

கேள்வி: பொருளாளர் மனைவியின் எண்?

ஐயா, மேலே படியுங்கள்.

கேள்வி: பையனுக்கு ஓடினால் முட்டி வலிக்கிறது, என்ன செய்ய?

டாக்டரிடம் காட்டுங்கள். பில்லை வாங்கி வையுங்கள்.