ஒரே பதிவை இரண்டு பேர் திருத்தினால்?

கேள்வி: மருந்து மொத்த விற்பனைக் கடை ஒன்றுக்கு சி ஷார்ப், எஸ்கியூஎல் சர்வரில் பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒருவர் வாடிக்கையாளரின் போன் நம்பரை மாற்றும்போது, இன்னொருவர் அதே வாடிக்கையாளரின் கடன் வரம்பை மாற்றுகிறார். ஒரு மாற்றம் காணாமல் போய்விடுகிறது. எரர் எதுவும் வருவதில்லை. டிரான்சாக்‌ஷன் (கட்டளைகளை ஒரே தொகுப்பாக நடத்துவது) போட்டுப் பார்த்தும் பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் போட்ட டிரான்சாக்‌ஷன் சேமிக்கும் அந்த ஒரு நொடியை மட்டும்தான் காக்கிறது. தகவலைப் படித்தது அதற்குப் பல நிமிடங்கள் முன்பு. உங்கள் அப்டேட் கட்டளை அந்த வரிசையின் (row) எல்லா காலங்களையும் (column) திரும்ப எழுதுகிறது என்று நினைக்கிறேன். அப்படியானால், கடன் வரம்பை மாற்றியவரின் திரையில் இருந்த பழைய போன் நம்பரும் சேர்ந்தே போய் உட்கார்ந்துவிடும். டேட்டாபேஸைப் பொறுத்தவரை இரண்டுமே முறையான கட்டளைகள். எரர் ஏன் வரப்போகிறது?

அந்த டேபிளில் ரோவெர்ஷன் வகையில் ஒரு காலம் சேருங்கள். 8 பைட்தான், வரிசையில் எது மாறினாலும் அதுவும் தானாக மாறிவிடும். ஃபார்மைத் திறக்கும்போது அதையும் படித்து வைத்துக்கொண்டு, அப்டேட்டின் வேர் (WHERE, அதாவது நிபந்தனை) பகுதியில் ஐடியோடு அந்தப் பழைய மதிப்பையும் கொடுங்கள். இடையில் யாராவது கை வைத்திருந்தால் எந்த வரிசையும் பொருந்தாது, மாறிய வரிசைகளின் எண்ணிக்கை 0 என்று வரும்.

அந்த 0-வைப் பார்க்காமல் விட்டால் நிலைமை முன்பைவிட மோசம். எதுவுமே சேமிக்கப்படாது, திரையோ 'சேமிக்கப்பட்டது' என்று சொல்லும். ஸ்டோர்டு புரொசீஜரில் (டேட்டாபேஸிலேயே சேமித்து வைத்த கட்டளைத் தொகுப்பு) நோகவுண்ட் (எண்ணிக்கையை அனுப்பாதே என்ற அமைப்பு) ஆன் செய்திருந்தால், சி ஷார்ப்பில் கட்டளையை ஓட்டும் எக்ஸிகியூட்நான்குவெரி -1 தரும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். அப்போது மாறிய வரிசைகளின் எண்ணிக்கையான ரோகவுண்ட் மதிப்பை நீங்களே திருப்பி அனுப்ப வேண்டும்.

'கடைசியாக மாற்றிய நேரம்' போதாதா என்று சிலர் கேட்பார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். நேரத்தைச் சேமிக்கும் டேட்டைம் வகை ஏறக்குறைய 3 மில்லிசெகண்டுக்கு ரவுண்ட் ஆகும். போதாக்குறைக்கு, யாராவது ஒரு இடத்தில் அதைப் புதுப்பிக்க மறந்தால் கதை முடிந்தது. மைஎஸ்கியூஎல் என்றால் ஒரு முழு எண் காலம் வைத்து, ஒவ்வொரு அப்டேட்டிலும் 1 கூட்டிக்கொள்ளலாம்.

ஃபார்ம் திறந்தவுடனே பதிவைப் பூட்டிவிடும் யோசனை வேண்டாம். திறந்தவர் டீ குடிக்கப் போனால் மற்றவர்கள் காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

சரி, மோதல் தெரிந்துவிட்டது. அப்புறம்? உண்மையான வேலை இங்கேதான். 'வேறொருவர் மாற்றிவிட்டார், மீண்டும் முயலவும்' என்று சொல்லி, அவர் தட்டியதையெல்லாம் அழித்துவிடாதீர்கள். திறந்தபோது இருந்த மதிப்பு, இவர் போட்டது, இப்போது டேபிளில் இருப்பது என மூன்றையும் ஒப்பிடுங்கள். ஒருவர் போன் நம்பர், மற்றவர் கடன் வரம்பு என்றால் கேட்காமலே இரண்டையும் சேர்த்துவிடலாம். ஆனால் முகவரியும் பின்கோடும் ஒன்றோடொன்று கட்டுப்பட்டவை. ஆளுக்கு ஒன்றை மாற்றியிருந்தால் தானாகச் சேர்ப்பது ஆபத்து; இரண்டையும் திரையில் காட்டிக் கேளுங்கள். கடன் வரம்பையே இருவரும் மாற்றியிருந்தாலும் அப்படித்தான். யார் மாற்றினார் என்ற பெயரும் தெரிந்தால் அவர்களே பேசி முடித்துக்கொள்வார்கள். பதிவே நீக்கப்பட்டிருந்தாலும் 0 தான் வரும் என்பதால், மறுபடி படித்துப் பார்த்துவிட்டுச் செய்தி சொல்லுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும், பில்லிங் என்பதால் ஒன்று சொல்கிறேன். ஸ்டாக்குக்கு இந்த முறை வேண்டாம். 100 என்று படித்து, 5 கழித்து, 95 என்று எழுதாதீர்கள். 'இருப்பு குறைந்தது 5 இருந்தால், அதிலிருந்து 5 கழி' என்று ஒரே அப்டேட்டாகக் கொடுங்கள். எத்தனை பேர் ஒரே நேரத்தில் பில் போட்டாலும் கணக்கு சரியாக இருக்கும். 0 வந்தால் சரக்கு போதவில்லை என்று அர்த்தம்.

எல்லாம் முடிந்ததும் இரண்டு கணினிகளில் ஒரே வாடிக்கையாளரைத் திறந்து, இரண்டிலும் கடன் வரம்பை மாற்றி, ஒன்றன்பின் ஒன்றாகச் சேமித்துப் பாருங்கள். இரண்டாவது சேமிப்பு ஓசையில்லாமல் நடந்துவிட்டால், ஏதோ ஓர் இடத்தில் பழைய வேர் பகுதி அப்படியே இருக்கிறது.