இடுப்பு வலிக்கு ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள் உதவுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 46. உயரம் 168 செ.மீ., எடை 92 கிலோ. வீடு சிங்கப்பூரில், புக்கிட் பாஞ்சாங்கில். இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் செஸ்நட் காட்டுப் பாதையில் மவுன்டன் பைக் ஓட்டுகிறேன். என் சைக்கிளில் முன்பக்கம் மட்டும்தான் சஸ்பென்ஷன். ஓட்டிவிட்டு வந்தால் சாயங்காலம் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. போன வருடம் எடுத்த ஸ்கேனில் எல்4-எல்5 வட்டு (இடுப்புப் பகுதி முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை) லேசாகப் பிதுங்கியிருப்பதாகச் சொன்னார்கள். ஓட்டும்போது மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகின்றன. நண்பர்கள் முன்னும் பின்னும் அதிர்வுதாங்கி உள்ள ஃபுல் சஸ்பென்ஷன் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? வாங்கினால் எப்படிப்பட்டது?

பதில்: வாங்கலாம். இடுப்புக்கு அது உதவ வாய்ப்பு உண்டு. விரல்களுக்கு அநேகமாக உதவாது. இரண்டும் வேறு வேறு சங்கதி.

முதலில் இடுப்பு. செஸ்நட்டில் பாதைக்குக் குறுக்கே ஓடும் வேர்களை நினைத்துப் பாருங்கள். சீட்டில் உட்கார்ந்தபடியே அவற்றின் மேல் ஏறும்போது, பின்சக்கரம் வாங்கும் அடி சீட் கம்பி வழியாக நேரே இடுப்பெலும்புக்கு வந்து முதுகுத்தண்டில் ஏறுகிறது. ஓரிரு அடியை உடம்பு தாங்கிவிடும். ஆனால் நீங்கள் குனிந்து, முதுகை வளைத்து, களைத்த தசைகளோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் அதை வாங்குகிறீர்கள். ஏற்கெனவே பிதுங்கிய வட்டு இருக்கும்போது சாயங்காலம் பிடித்துக்கொள்வதில் ஆச்சரியமில்லை. பின்பக்கமும் ஷாக், அதாவது அதிர்வுதாங்கி, இருந்தால் சக்கரம் மட்டும் எழுந்து இறங்கும், உங்கள் முதுகுக்கு வரும் அடி நன்றாகக் குறையும்.

விரல் மரப்பு அப்படியல்ல. சுண்டு விரல் பக்கமாக, மணிக்கட்டை ஒட்டி உள்ளங்கையின் அடியில் அல்னார் நரம்பு போகிறது. உடம்பின் பாரத்தைக் கையில் போட்டுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் அது நசுங்கும். முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறதே! அதை உங்கள் எடைக்குச் சரிசெய்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்துங்கள். பிரேக் பிடியில் விரல் வைத்தால் மணிக்கட்டு மடங்காமல் முன்கையோடு ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஆறு கோண ஆணிச்சாவி ஒன்று போதும், பத்து நிமிட வேலை.

இன்னொன்று, டயர். உங்கள் முதல் சஸ்பென்ஷன் அதுதான். பலர் 40 பிஎஸ்ஐக்கு (காற்றழுத்த அளவு) மேல் கல்லு மாதிரி காற்று அடித்துக்கொண்டு காட்டுக்குள் வருகிறார்கள். நீங்களும் அப்படியென்றால் ஒவ்வொரு வாரமும் இரண்டிரண்டாகக் குறைத்துப் பாருங்கள். அகலமான டயரில் உங்கள் எடைக்கு 30 பிஎஸ்ஐயை ஒட்டி ஓட்ட முடியும். அதற்கும் கீழே போனால் வேரில் மோதும்போது ட்யூப் நசுங்கி ஓட்டை விழும். இதையெல்லாம் ஆறு வாரம் செய்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

சரி, எதை வாங்குவது? சிங்கப்பூரில் மிக உயரமான புக்கிட் தீமா மலையே 163 மீட்டர்தான். ஐரோப்பிய மலைச்சரிவுகளுக்காகச் செய்த, சக்கரம் 160, 170 மில்லிமீட்டர் எழுந்து இறங்கும் சஸ்பென்ஷன் இங்கே சுமை. 120 முதல் 140 மில்லிமீட்டர் வரை இருந்தால் செஸ்நட், புக்கிட் தீமா, புலாவ் உபின் தீவின் கெத்தாம் பாதை எல்லாவற்றுக்கும் போதும். சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கும் ஃபுல் சஸ்பென்ஷனைத் தயவுசெய்து வாங்காதீர்கள். அதில் இருக்கும் கம்பிச் சுருள் ஒரே அளவுதான், 92 கிலோவுக்கு அது கடைசிவரை அமுங்கிவிடும். காற்று நிரப்பும் ஷாக்தான் உங்களுக்கு வேண்டும், எடைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கும், ஓடும்போதே சீட்டை இறக்கும் டிராப்பர் கம்பியும் இருக்கட்டும். ஃபுல் சஸ்பென்ஷன் வந்துவிட்டது என்று உட்கார்ந்தே ஓட்டக்கூடாது. வேர் வந்தால் சீட்டை இறக்கி, எழுந்து, முழங்காலை மடக்கி நின்றுகொள்ளுங்கள். உங்கள் காலை விட நல்ல ஷாக் எந்தக் கடையிலும் இல்லை.

168 செ.மீ. பெரும்பாலான நிறுவனங்களில் எஸ், எம் அளவுகளுக்கு நடுவே விழும். உங்கள் முதுகுக்கு எட்டிப் பிடிக்க வேண்டாத ஃபிரேம்தான் நல்லது. இரண்டிலும் ஏறி உட்கார்ந்து பார்த்தே முடிவெடுங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அதுதான் சீட் உயரம். அதைவிட உயர்ந்தால் ஒவ்வொரு மிதியிலும் இடுப்பு இடமும் வலமும் ஆடும். வலிக்கு அதுவே ஒரு காரணம்.

இப்போது முக்கியமான இடம். கடைக்காரர் ஷாக்கை உங்களுக்காகச் சரிசெய்யாமல் வண்டியை எடுத்து வராதீர்கள். தலைக்கவசம், தண்ணீர்ப் பை எல்லாம் மாட்டிக்கொண்டு போங்கள். ஷாக் தண்டில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதை ஷாக்கின் தடித்த பகுதியை ஒட்டித் தள்ளிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி உட்கார்ந்து, குதிக்காமல் இறங்குங்கள். தண்டு முழுதாக உள்ளே போகும் தூரம் 50 மில்லிமீட்டர் என்றால் வளையம் 15 மில்லிமீட்டர் நகர்ந்திருக்க வேண்டும், அதாவது 30 சதவீதம். 5 மட்டும் நகர்ந்தால் காற்று அதிகம். அப்படியே ஓட்டினால் சில ஆயிரம் வெள்ளி கொடுத்தும் பழைய அடியைத்தான் வாங்குவீர்கள். என்னிடம் வந்த ஒருவர் புது வண்டியிலும் வலி போகவில்லை என்றார். ஷாக்கில் காற்று அடிக்கும் பம்ப்பையே அவர் பார்த்ததில்லை.

நீங்கள் உட்கார்ந்ததும் பின்பக்கம் அமுங்குவதால் சீட்டின் மூக்கு மேலே தூக்கும். ஆள் ஏறி உட்கார்ந்த நிலையில்தான் அது மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தூக்கியிருந்தால் தொடையிடுக்கில் அழுத்தம் விழுந்து மரத்துப்போகும்.

அப்புறம், இந்த வண்டி 14, 15 கிலோ இருக்கும். எம்ஆர்டி ரயிலில் மடக்கு சைக்கிளுக்கு மட்டுமே அனுமதி. அதனால் காரிலோ, உபினுக்குப் போகும்போது சாங்கி படகுத்துறையிலோ நீங்கள்தான் தூக்க வேண்டும். ஆடும் படகில் குனிந்து, திரும்பி, ஒற்றைக் கையால் தூக்காதீர்கள். பாதை தராத வலியை அந்த ஒரு திருப்பல் தந்துவிடும். இருவராகத் தூக்குங்கள்.

வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ, பாதத்தைத் தூக்கி நடக்க முடியாமல் தடுக்கினாலோ சைக்கிளை நிறுத்திவிட்டு, தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். இறங்கிச் சற்று நேரத்தில் தெளியும் தொடையிடுக்கு மரப்பு பெரும்பாலும் சீட் தரும் தொல்லை. அது தெளியாமல் நீடித்தாலோ, சிறுநீர் போவதில் தடை வந்தாலோ, மலம் கட்டுப்படாமல் போனாலோ அன்றிரவே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், காலை வரை காத்திருக்க வேண்டாம்.