மஞ்சள் புற்றுநோய் செல்லைக் கொல்லும் என்று ஆய்வகத்தில் நிரூபித்துவிட்டார்களாமே, உண்மையா?

கொல்லும். செல் வளர்க்கும் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் அதை வைத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் வரும் மீதிக் கதையை நம்பிவிடாதீர்கள்.

நாங்கள் செய்வது இவ்வளவுதான். ஹீலா மாதிரி ஒரு புற்றுநோய் செல் வகையை (1951இல் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கர்ப்பப்பைவாய்க் கட்டியிலிருந்து எடுத்தது, இன்னும் உலகம் முழுக்க வளர்ந்துகொண்டிருக்கிறது) 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் போட்டு, 37 டிகிரியில் ஒட்டி வளர விட்டு, மறுநாள் மஞ்சளில் உள்ள குர்குமினைச் சேர்ப்போம். அது தண்ணீரில் சரியாகக் கரையாது, டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்துத்தான் விட வேண்டும். கையுறை, திரவத்தை அளந்து விடும் கருவியின் முனை, மேடை எல்லாம் மஞ்சளாகிவிடும். அந்த டிஎம்எஸ்ஓவே கொஞ்சம் கூடினால் செல்லைக் கொன்றுவிடும் என்பதால் ஒப்பிட்டுப் பார்க்க அது மட்டும் விட்ட குழிகளும் தனியாக இருக்க வேண்டும். அப்புறம் எம்டிடி சாயம். உயிரோடு இருக்கும் செல் அதை ஊதாவாக மாற்றும், செத்தது மாற்றாது. குர்குமின் அளவு ஏற ஏற ஊதா வெளுத்துக்கொண்டே போகும். செய்தித் தலைப்புகளுக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இந்தத் தட்டுதான்.

சிக்கல் அளவில் இருக்கிறது. தட்டில் சாதாரணமாக 10 முதல் 50 மைக்ரோமோலார் (திரவத்தில் ஒரு பொருள் எவ்வளவு செறிவாக இருக்கிறது என்று சொல்லும் அளவு) வரை விடுகிறோம். 2001இல் தைவானில் நோயாளிகளுக்குத் தினம் 8 கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள், ரத்தத்தில் உச்சமாக ஏறியது சராசரியாக 2 மைக்ரோமோலாருக்கும் குறைவு. அதற்கு மேல் கொடுத்தால் விழுங்கவே முடியவில்லை. மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான், ஆக அந்த 8 கிராமைச் சமையலில் எடுக்க தினம் கால் கிலோவுக்கு மேல் மஞ்சள் தூள் வேண்டும். சாம்பாரில் போடும் அரை ஸ்பூனை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்காகத் தட்டில் செய்யும் ஆராய்ச்சியே வீண் என்று சொல்ல வரவில்லை. ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் இமாட்டினிபும் 1996இல் இப்படிச் செல்களில் சோதித்த பிறகுதான் பேசப்பட்டது. ஆனால் அது அந்த நோயை உண்டாக்கும் பிசிஆர்-ஏபிஎல் என்ற கோளாறான புரதத்தைக் குறிவைத்துப் பிடித்தது, 1 மைக்ரோமோலாரிலேயே நோயுற்ற செல்களை அடக்கி நல்ல செல்களைப் பெரும்பாலும் விட்டுவைத்தது, மாத்திரை போட்டால் ரத்தத்திலும் அந்த அளவு கிடைத்தது. 2001இல் மருந்தாக அனுமதி பெற்றுவிட்டது. குர்குமின் பற்றி ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்தும் புற்றுநோய் மருந்தாக இன்னும் தேறவில்லை.

"மிளகோடு சாப்பிட்டால் உடம்பில் ஏறுமே" என்று அடுத்து கேட்பீர்கள். ஏறும். 1998இல் பெங்களூரில் செய்த ஆய்வில் 20 மடங்கு என்று வந்தது, ஆனால் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத அளவிலிருந்து 20 மடங்கு. அதை நம்பி மிளகுச் சத்து சேர்த்த குர்குமின் மாத்திரை வாங்கி விழுங்கியவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதித்ததும் பதிவாகியிருக்கிறது. வீட்டில் யாராவது கீமோ எடுத்துக்கொண்டிருந்தால் இந்த மாத்திரையைத் தொடங்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ரசத்தில் போடும் மஞ்சளுக்கும் மிளகுக்கும் யாரையும் கேட்க வேண்டாம்.