கண்ணாடி ஜாடியில் ஆமைக்குஞ்சு

கேள்வி: கொளத்தூரில் வாங்கிய சிவப்புக்காது ஆமைக்குஞ்சு, பத்து ரூபாய் நாணய அளவுதான். மீன் ஜாடியில் விட்டிருக்கிறோம். பொரி போட்டால் தொடுவதில்லை. ஓடு மெத்தென்று இருக்கிறது.
- வாசகி, பெரம்பூர்

பதில்: பொரியை விடுங்கள், அம்மா. நானும் ஜாடியில்தான் ஆரம்பித்தேன். என் குஞ்சின் ஓடு விரல் பட்டாலே அமுங்கியது. சுண்ணாம்புச்சத்தும் புற ஊதாக் கதிரும் போதாததுதான் வழக்கமான காரணம். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்புறம் மூன்றடித் தொட்டி, வடிகட்டி, 26 டிகிரி தண்ணீர், ஏறிக் காய ஒரு செங்கல், அதன் மேல் புற ஊதாக் கதிர் தரும் யுவிபி விளக்கு. ஜன்னல் கண்ணாடி வழியே விழும் வெயில் உதவாது. தினமும் அதன் தலையளவு ஆமைத் தீனி, இடையிடையே மண்புழு, கொஞ்சம் கீரை. தண்ணீரில் கணவாய் ஓடு ஒன்று மிதக்கட்டும், கொறிக்கும்.

சாப்பாட்டுத் தட்டளவு வளரும், 30 வருஷம்கூட இருக்கும். சலித்துப்போனால் ஏரியில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.