மினியும் கட்டமும்: வாசகர் கேள்வி–பதில்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, கதாபாத்திரங்களாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் மினியேச்சர் (சுருக்கமாக மினி, பாத்திரங்களைக் காட்டும் சின்ன உருவம்), கிரிட் மேட் (கட்டம் போட்ட விரிப்பு) பயன்படுத்துவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். வேறு குறிப்பு இல்லாத இடங்களில் 'விதி' என்றால் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதி.

கே: ஐந்து பேர் புதிதாக ஆரம்பிக்கிறோம். மினியேச்சர் வாங்கியே ஆக வேண்டுமா?

ப: வேண்டாம். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட முதல் பெட்டியிலேயே, மினி கட்டாயமில்லை, இருந்தால் பார்க்க அழகாக இருக்கும் என்ற அளவில்தான் சொல்லியிருந்தார்கள். இத்தனைக்கும் அந்த ஆட்டம் வளர்ந்ததே 'செயின்மெயில்' (1971) என்ற மினியேச்சர் போர் விதிகளிலிருந்துதான். அதனால்தான் பழைய விதிகளில் தூரமெல்லாம் இன்ச்சில் இருக்கும். டன்ஜனுக்குள் (நிலவறைக்குள்) ஒரு இன்ச் என்றால் 10 அடி. இன்று நாம் பழகிய 5 அடிக் கட்டம் (மேட்டில் ஒரு இன்ச், கதையில் 5 அடி), 2000இல் வந்த மூன்றாம் பதிப்போடு வழக்கமானது. 2008இன் நான்காம் பதிப்பு ஒருபடி மேலே போய், தூரத்தையே கட்டக் கணக்கில் சொன்னது. 2014இல் மறுபடி அடிக்குத் திரும்பி, கிரிட்டை விருப்ப விதியாக்கிவிட்டார்கள்.

ஒரு நடைபாதையில் இரண்டு காப்ளின் வந்தால் மேட் விரிப்பது வீண் வேலை. ஆறு எதிரிகள், இரண்டு வாசல், நடுவில் ஒரு பள்ளம் என்றால் மேட் இல்லாமல் சண்டை ஓடாது. ஒரே சுற்றில் "நான் எங்கே நிற்கிறேன்?" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டால், மேட்டை எடுக்கும் நேரம் வந்துவிட்டது.

மேட் இல்லாமல் ஆடும்போது ஃபயர்பால் என்ற தீப்பந்து மந்திரம் எத்தனை பேரைத் தாக்கும் என்று தகராறு வரும். அதற்கும் விதியில் வழி உண்டு: வட்டமான தாக்குதலுக்கு, ஆரத்தை 5ஆல் வகுக்க வேண்டும். ஃபயர்பாலின் ஆரம் 20 அடி, ஆக 4 பேர். கோன் (கூம்பு) வடிவம் என்றால் அதன் நீளத்தை 10ஆல் வகுக்க வேண்டும். மீதி வந்தால் மேலே முழுமையாக்க வேண்டும். 15 அடி கோனுக்கு 2 பேர்.

கே: பேப்பரில் மினி செய்தால் நிற்க மாட்டேன் என்கிறது. கீழே எதை ஒட்டுவது? எந்த அளவு?

ப: ஹார்டுவேர் கடையில் எம்12 வாஷர் கேளுங்கள். வெளி விட்டம் 24 மி.மீ., தடிமன் 2.5 மி.மீ. ஒரு கட்டம் ஒரு இன்ச், அதாவது 25.4 மி.மீ. என்பதால் உள்ளே உட்கார்ந்து, எடுத்து வைக்கவும் கொஞ்சம் இடம் விடும். எடையும் இருப்பதால் ஃபேன் காற்றில் விழாது.

தாள் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) இருக்கட்டும். உருவத்தின் உயரம் 30 முதல் 35 மி.மீ. முன்பக்கம், அதன் தலைகீழ் பிம்பம் இரண்டையும் தலையோடு தலை சேர்த்து அச்சிட்டு, தலைப் பக்கம் மடியுங்கள். கால் பக்கம் 10 மி.மீ. கூடுதலாக விட்டு, அந்த இரண்டு நாக்கையும் எதிரெதிர்ப் பக்கம் மடித்து வாஷரில் ஒட்டுங்கள். வெள்ளைப் பசை வழவழப்பான இரும்பில் பிடிக்காமல் இரண்டே ஆட்டத்தில் உரிந்துவிடும். டபுள் சைடு டேப் போதும்.

பெரிய உருவங்களுக்கு, விதியில் உள்ள அளவுப் பெயர்ப்படி அடித்தட்டின் விட்டம்: லார்ஜ் 2×2 கட்டம், 50 மி.மீ.; ஹியூஜ் 3×3, 75 மி.மீ.; கார்கான்சுவன் 4×4, 100 மி.மீ. போர் விளையாட்டுகளுக்கு என்று விற்கும் 32 மி.மீ. பேஸை (அடித்தட்டை) மட்டும் தவிர்த்துவிடுங்கள். தனியாக நிற்கும்போது ஒன்றும் தெரியாது. நான்கு பேர் தோளோடு தோள் நின்றால் 128 மி.மீ. ஆகி ஐந்து கட்டத்தை அடைத்துக்கொள்வார்கள். யார் யாருக்குப் பக்கத்தில் என்ற சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும்.

கே: இணையத்தில் வாங்கிய மேப்பை அச்சிட்டால் கட்டம் ஒரு இன்ச்சுக்குக் குறைவாக வருகிறது. பிரின்டர் கோளாறா?

ப: பிரின்டர் மேல் தப்பில்லை. பெரும்பாலான மேப்கள் அமெரிக்க லெட்டர் தாளுக்குச் செய்தவை. அதன் அகலம் 8.5 இன்ச். நம் ஏ4 அகலம் 8.27 இன்ச். 'ஃபிட் டு பேஜ்' இருந்தால் பிரின்டர் படத்தைச் சுருக்கிவிடும். ஓர விளிம்பையும் சேர்த்தால் இன்னும் சுருங்கும். 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100 சதவீதம் தேர்ந்தெடுங்கள். முதல் தாள் வந்ததும் ஸ்கேல் வைத்து ஆறு கட்டத்தை அளந்து பாருங்கள், 152 மி.மீ. வர வேண்டும். ஒரே ஒரு கட்டத்தை அளந்தால் பிழை கண்ணுக்குத் தெரியாது.

பழைய சாகசப் புத்தகங்களில் இன்னொரு பொறி உண்டு. அவற்றின் வரைபடத்தில் ஒரு கட்டம் 10 அடி. அதை மேட்டில் வரையும்போது 2×2 ஆக்க வேண்டும். மறந்தால் 40 அடி அறை 20 அடியாகி, ஓகர் போன்ற பெரிய அரக்கன் திரும்பக்கூட இடமிருக்காது.

கே: வினைல் மேட்டில் சிவப்பு மார்க்கர் கறை போகவே இல்லை. என்ன செய்யலாம்?

ப: ஒயிட்போர்டு மார்க்கரால் எழுதியிருப்பீர்கள். வினைல் மிருதுவான பிளாஸ்டிக். மையில் உள்ள சாயம் மேலே நிற்காமல் உள்ளே இறங்கிவிடும். சிவப்பு அதில் மகா மோசம். ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தால் கறையோடு அச்சிட்ட கட்டக் கோடும் போக வாய்ப்பு உண்டு. ஒரு மூலையில் சோதிக்காமல் இறங்காதீர்கள். முற்றிலும் போகாத கறையை அந்த அறையின் ரத்தக் கறை என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனிமேல் வினைலுக்கு, தண்ணீரில் அழியும் ஓஹெச்பி (ஓவர்ஹெட் புரொஜெக்டர்) மார்க்கர் மட்டும். உறையில் 'நான் பர்மனென்ட்' என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டு வகையும் ஒரே மாதிரி இருக்கும். ஆட்டம் முடிந்த அன்றே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், அடுத்த வாரம் தொடரலாம் என்று விட்டு வைக்காதீர்கள். மேட்டை மடிக்காமல், கட்டம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டுங்கள். விரிக்கும்போது ஓரம் கீழ்நோக்கி வளைந்து மேசையில் படியும்.

பைசோ நிறுவனத்தின் ஃபிளிப்-மேட் போன்ற லேமினேட் செய்த மேட் வேறு ரகம். அதில் ஒயிட்போர்டு மார்க்கரும் எழுதலாம். தவறிப்போய் பர்மனென்ட் மார்க்கரால் எழுதிவிட்டால், அதே கோட்டின் மேல் ஒயிட்போர்டு மார்க்கரால் வரைந்து உடனே துடைத்தால் இரண்டும் சேர்ந்து வந்துவிடும்.

கே: மூலைவிட்டமாக நகர்ந்தால் 5 அடியா, 7 அடியா? ஒவ்வொரு வாரமும் இதே சண்டை.

ப: முதல் ஆட்டம் தொடங்கும் முன் முடிவு செய்ய வேண்டிய ஒரே விஷயம் இதுதான். மினிக்குச் செலவழிக்கும் யோசனையில் பாதியை இதற்குச் செலவழித்தால் போதும்.

ஐந்தாம் பதிப்பின் கிரிட் விதிப்படி மூலைவிட்டமும் 5 அடிதான். கணக்கு சுலபம், ஆனால் 30 அடி வேகமுள்ளவர் ஆறு கட்டம் மூலைவிட்டமாகப் போனால் நிஜத்தில் 42 அடி போயிருப்பார். மாற்று விதி: முதல் மூலைவிட்டம் 5, அடுத்தது 10, மறுபடி 5, மறுபடி 10. அப்போது 30 அடிக்கு நான்கு கட்டம்தான். மூன்றாம் பதிப்பில் இதுவே பொது விதி. எதை எடுத்தாலும் சுவர் மூலையை வெட்டிக்கொண்டு போக முடியாது.

வட்டத்தில்தான் விபரீதம் வெளியே வரும். எல்லா மூலைவிட்டமும் 5 அடி என்று எண்ணினால், ஃபயர்பாலின் வட்டம் 8×8 சதுரமாகி 64 கட்டத்தை எரிக்கும். பாதிக்கு மேல் வட்டத்துக்குள் வரும் கட்டங்களை மட்டும் எண்ணினால் 52. அந்த 12 கட்டத்தில்தான் எப்போதும் யாராவது ஒரு தோழர் நிற்பார். அதனால் நடப்பதற்கு 5 அடி விதி, ஸ்பெல்லுக்கு (மந்திரத்துக்கு) வட்டம் என்று பிரித்துக்கொள்வது நல்லது. அட்டையில் டெம்ப்ளேட் வெட்டுவதானால் வரிசைக்கு 4, 6, 8, 8, 8, 8, 6, 4 கட்டங்கள். நடுப்புள்ளி கட்டத்தின் நடுவில் வராது, நான்கு கட்டம் சந்திக்கும் முனையில் வரும். அட்டையை மேலே வைத்தால் மினியெல்லாம் சாயும் என்பவர்கள் 64 செ.மீ. கம்பியை வளையமாக்கிக்கொள்ளலாம், விட்டம் சரியாக 8 இன்ச் வரும், நிற்கும் மினிகளுக்கு மேலாக இறக்கிவிடலாம்.

பறக்கும் டிராகனுக்கும் இதே தீர்வு. அது 30 அடி தள்ளி, 40 அடி உயரத்தில் இருந்தால் நிஜ தூரம் 50 அடி. 5 அடி விதியில் இரண்டில் பெரியது எதுவோ அதுதான் தூரம், அதாவது 40. மாற்று விதியில் 55. உயரத்தைக் காட்ட மினி பக்கத்தில் ஒரு பகடை வைத்தால் போதும், விலை கொடுத்து ஸ்டாண்ட் வாங்க வேண்டியதில்லை.

கே: ஃபிளாங்கிங் விதி சேர்த்ததிலிருந்து எல்லோரும் ஒரே வரிசையில் போய் நிற்கிறார்கள்.

ப: நிற்கத்தான் செய்வார்கள். எதிரியின் இரு பக்கமும் நின்றாலே அட்வான்டேஜ் (பகடையை இரண்டு முறை உருட்டி, பெரிய எண்ணை எடுப்பது) என்பது அந்த விருப்ப விதி. ஐந்தாம் பதிப்பில் எதிரியின் எட்டும் தூரத்தை விட்டு வெளியேறினால்தான் இலவச அடி விழும். அவனைச் சுற்றி நடப்பதற்கு விலையே இல்லை. எதிரிகளும் அதையே செய்ய, நண்பன், எதிரி, நண்பன், எதிரி என்று கோடு நீளும். அட்வான்டேஜுக்குப் பதில் மூன்றாம் பதிப்பில் இருந்தது போல அடிக்கும் பகடைக்கு +2 கொடுங்கள். அட்வான்டேஜ் தரும் மற்றத் திறமைகளுக்கும் மதிப்பு திரும்பும்.

கே: வாங்கிய மினியின் வாள் வளைந்திருக்கிறது. ஸ்ப்ரே பிரைமர் (பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அடித்தால் பிசுபிசுப்பும் போகவில்லை.

ப: இரண்டும் மிருதுவான வினைல் வகை மினிகளின் குணம். கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, இடுக்கியால் மினியைப் பிடித்து அரை நிமிடம் அமிழ்த்துங்கள். வாளை நிமிர்த்திப் பிடித்தபடியே ஐஸ் தண்ணீரில் விடுங்கள். 3டி பிரின்ட் செய்த ரெசின் மினியில் இதை முயலாதீர்கள், ஒடியலாம்.

சில ஸ்ப்ரேக்களின் கரைப்பான் இந்த வினைலோடு சேர்ந்து காயவே காயாது. காத்திருந்து பயனில்லை, சுரண்டி எடுத்துவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, பிரஷ்ஷால் பூசும் அக்ரிலிக் பிரைமர் போடுங்கள். கெட்டி பிளாஸ்டிக், உலோக மினிகளுக்கு ஸ்ப்ரே நல்லது: 20 முதல் 30 செ.மீ. தள்ளி, விட்டு விட்டு. இன்னும் தள்ளி அடித்தால் பெயின்ட் காற்றிலேயே காய்ந்து மணல் போலப் படியும். மழை நாளிலும் கடற்கரை ஊர்ப் புழுக்கத்திலும் வெள்ளை பூத்துவிடும்.

கே: 43 இன்ச் டிவியைப் படுக்கவைத்து மேப் காட்டலாமா?

ப: தாராளமாக. அகலம் சுமார் 37.5 இன்ச், உயரம் 21. ஆக 37×21 கட்டம் கிடைக்கும். ஃபுல் ஹெச்டி என்றால் 1920ஐ 37.5ஆல் வகுத்தால் ஒரு இன்ச்சுக்கு 51 பிக்சல். மேப் காட்டும் ஃபவுன்ட்ரி மென்பொருளில் ஒரு கட்டம் வழக்கமாக 100 பிக்சல் என்பதால் ஜூமை 51 சதவீதத்தில் வையுங்கள். ரோல்20 தளத்தில் கட்டம் 70 பிக்சல், ஜூம் 73 சதவீதம். கணினியின் டிஸ்ப்ளே ஸ்கேலிங் 100இல் இருக்கட்டும், டிவியில் படத்தின் ஓரத்தை வெட்டும் ஓவர்ஸ்கேனை அணைத்துவிடுங்கள். பின்பக்கத்துக் காற்றுத் துளைகள் மூடாதபடி கட்டை வைத்து உயர்த்தி, திரையின் மேல் பாரம் இறங்காமல் ஃபிரேம் தாங்கும்படி 3 மி.மீ. அக்ரிலிக் தகடு போடுங்கள்.

கே: ஹெக்ஸ் (அறுகோண) கட்டம் மேலா?

ப: காட்டுக்கும் மைதானத்துக்கும் மேல்; மூலைவிட்டத் தகராறே கிடையாது. செவ்வக அறை வரைந்தால் சுவரோரக் கட்டமெல்லாம் பாதி பாதியாக வெட்டுப்படும், அதில் நிற்கலாமா கூடாதா என்று புதுத் தகராறு.