டீலரின் டெமோ காரை வாங்கலாமா, புதிய காரே நல்லதா?

நீங்கள் சொல்லும் விவரப்படி, வாடிக்கையாளர்கள் ஓட்டிப் பார்ப்பதற்காக டீலர் பெயரில் பதிவாகி ஏழு மாதம் ஆன டெமோ கார், 6,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதன் ஷோரூம் விலை 9 லட்சம். அதோடு வரி, பதிவு, காப்பீடு எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையிலிருந்து 90,000 ரூபாய் குறைத்துத் தருகிறார்கள். அந்த விலைக்கு வேண்டாம் என்பதே என் பதில்.

டெமோ கார் என்றாலே ஒதுக்குபவன் அல்ல நான். திருச்சியில் என் தங்கையின் கணவருக்கு ஒரு டெமோ காரை நான்தான் கூடப் போய்ப் பார்த்து, பேசி முடித்துக் கொடுத்தேன். உங்களுக்கு வேண்டாம் என்று சொல்ல வைப்பது கணக்குதான்.

டீலர் பெயரில் பதிவான காரை வாங்கினால் ஆர்.சி. புத்தகத்தில் நீங்கள் இரண்டாவது உரிமையாளர். படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். நாளை நீங்கள் விற்கும்போது வாங்க வருபவர் மூன்றாவது ஆள். காப்பீட்டில் காரின் மதிப்பைக் குறிக்கும் அட்டவணையைப் பாருங்கள்: ஆறு மாதத்தைத் தாண்டி ஓராண்டுக்குள் இருக்கும் வண்டிக்கு 15 சதவீதம் கழிக்கிறார்கள். 9 லட்சத்தில் அது 1,35,000 ரூபாய். காப்பீட்டுக் கணக்கே அவ்வளவு கழிக்கும்போது டீலர் 90,000 மட்டும் குறைப்பது எந்த வகையில் சலுகை?

பதிவின்போது ஒரே தடவையாகக் கட்டும் ஆயுள் வரியையும் கவனியுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள புதிய கார்களுக்கு 13 சதவீதம். உங்கள் காருக்கு 1,17,000 ரூபாய். டீலர் அதை ஏற்கெனவே கட்டிவிட்டார். அதையும் ஆன்ரோடு விலைக்குள் வைத்து முழுதாக உங்களிடம் வசூலித்துக்கொண்டு, அதிலிருந்துதான் 90,000 கழிக்கிறார். ஷோரூம் விலையிலிருந்து 90,000 கழித்து, வரியும் நடப்புக் காப்பீடும் அதற்குள்ளேயே அடக்கம் என்று அவர் சொன்னால் பேச்சே வேறு. அப்போது நானே எடுக்கச் சொல்வேன்.

ஒப்பிடும்போது இன்றைய புதிய கார் விலையோடு ஒப்பிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களின் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு முந்தைய விலைப்பட்டியலை நீட்டி, அதிலிருந்து தள்ளுபடி என்றால் ஏற்காதீர்கள். புதிய காருக்கே டிசம்பரிலும் மார்ச்சிலும் நல்ல தள்ளுபடி கிடைப்பதுண்டு. அதைக் கேட்டு வாங்கிவிட்டு அப்புறம் வித்தியாசத்தைப் பாருங்கள். பழைய கார் கடனுக்கு வங்கிகள் பொதுவாகக் கூடுதல் வட்டி போடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

விலை இறங்கி வந்தால் வண்டியைப் பாருங்கள். 6,000 கிலோமீட்டர் பெரிய ஓட்டம் இல்லை. ஆனால் அது ஒருவர் ஓட்டிய 6,000 அல்ல. நேற்று உரிமம் வாங்கியவரும் அதே கிளட்சைத்தான் மிதித்திருப்பார். எஞ்சின் சூடாகும் முன்பே வேகம் பார்க்க ஆசைப்பட்டு முடுக்கியவரும் இருப்பார். அதனால் காலையில் ஷோரூம் திறந்ததும், யாரும் எடுக்கும் முன், குளிர்ந்த எஞ்சினை நீங்களே இயக்குங்கள். கிளட்ச் பெடல் மிகவும் மேலே வந்த பிறகுதான் பிடிக்கிறது என்றால் அதன் தட்டு தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு.

திருச்சியில் முதலில் காட்டிய காரில் பானெட்டைத் திறந்தேன். இடது ஃபெண்டரை, அதாவது முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் உரிந்து இரும்பு தெரிந்தது. வலப்பக்கத்துப் போல்ட்டுகளில் ஒரு கீறலும் இல்லை. அந்த ஃபெண்டரைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள், வண்டி எங்கோ இடிபட்டிருக்கலாம். சர்வீஸ் பதிவை அச்செடுத்துத் தரச் சொன்னேன், தயங்கினார்கள். அடுத்த வண்டியைக் காட்டச் சொல்லிவிட்டோம். நாங்கள் வாங்கிய அந்த இரண்டாவது வண்டி, பதிவாகி நான்கு மாதமே ஆன உயர்ந்த ரக மாடல். தங்கை கணவர் ஒரு காரை எடுத்தால் பத்து வருடம் வைத்திருப்பவர், மறுவிற்பனை பற்றிக் கவலையே இல்லை. அவருக்கு அது பொருந்தியது. மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை கார் மாற்றுகிறவராக நீங்கள் இருந்தால் பொருந்தாது.

வாரன்டி டீலர் பதிவு செய்த நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் விஷயத்தில் ஏழு மாதம் போய்விட்டது. மின்சாரக் காராக இருந்தால் இன்னும் உஷாராக இருங்கள். சில நிறுவனங்கள் பேட்டரிக்கான நீண்ட வாரன்டியை முதல் உரிமையாளருக்கு மட்டுமே முழுமையாகத் தருகின்றன. மிச்சமுள்ள வாரன்டியை டீலர் தன் செலவில் நீட்டித்துத் தரவேண்டும் என்று கேளுங்கள். பழைய காப்பீட்டில் இழப்பீடு கோரப்பட்டதா என்பதையும் சேர்த்து இரண்டையும் லெட்டர்பேடில் எழுதி முத்திரையோடு வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.